பதினைந்து ரூபாய் மிச்சம்

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள பெரிய பலசரக்குக் கடையொன்றில், காசு வாங்கும் மேசைக்கு மேலே ஒரு மட்டை தொங்குகிறது. கடனட்டையில் செலுத்தினால் மூன்று வீதம் மேலதிகம், ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்தால் அட்டை எடுபடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் பதினைந்து ரூபாய் கூட. இந்தப் பதினைந்து ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக நான் ஏழு மாதம் என் மனைவியின் கடனட்டையை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தேன். முப்பது கிழமைகள். கிழமைக்கு மூன்று தடவை. தொண்ணூறு தடவைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். கணக்கில் பிழையில்லை. இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தேன்.

அந்த அட்டை உண்மையில் எங்கள் மகளுடையது. ரொறன்ரோவில் இருக்கும் அவள், தன்னுடைய கணக்கில் தாயின் பெயருக்கு மேலதிகமாக ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தாள். மனைவி கடையில் அதை இயந்திரத்தின் மேல் வைத்த கையோடு மகளின் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி விழும். கடையின் பெயர், தொகை, அவ்வளவுதான். அந்த ஒரு வரி அங்கே போய் விழ வேண்டும் என்பதற்காகவே என் மனைவி கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரிக்காக மகள் அங்கே காத்திருந்தாள். இது இரண்டும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மூன்று வீதம்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துநான்கு வருடம் படவரைஞராக வேலை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவதை விட முடியவில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து அந்தக் கடை வாசல் வரைக்கும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது காலடி. என் மனைவிக்கு அது மூவாயிரத்துக்கு மேலே வரும். அவள் கால் சிறிது. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் அவள் குடையும் பையுமாக நடந்து போவாள். போய் வாங்குவது என்ன? கால் கிலோ சீனி, ஒரு கட்டி சவர்க்காரம், கற்பூரம், ஒரு பக்கெட் விசுக்கோத்து. எப்படியோ கூட்டிக் குறைத்து ஐந்நூறைத் தாண்ட வைத்துவிடுவாள்.

"ஏனப்பா கால் கிலோ கால் கிலோவாய் வேண்டுறீர்?" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ரெண்டு கிலோவை ஒரேயடியாய் வேண்டினால் பைக்காசு மிச்சம், நடையும் மிச்சம்."

"எறும்பு வருகுது" என்பாள்.

எங்கள் குசினியில் எறும்பு இல்லை. அதையும் நான் கவனித்திருந்தேன். ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதும், பத்து மணிக்குக் கடைக்குப் போகிறவள் ஒன்பது மணிக்குப் போகத் தொடங்குவாள். நவம்பரில் ஒரு ஞாயிறு போனதும் திரும்பவும் பத்து மணி. வெயிலுக்குப் பயந்து முந்திப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கனடாவில் அந்த ஞாயிறுகளில்தான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் மாற்றுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மகளோடு தொலைபேசியில் அதைப் பற்றியே பத்து நிமிடம் கதைத்திருக்கிறேன். ஒன்பது மணியையும் பத்து மணியையும் அங்கத்தைய நேரத்துக்கு மாற்றிப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே நேரம், இரவு பதினொன்றரை என்று வந்திருக்கும். மாற்றிப் பார்க்கவில்லை.

மகள் அங்கே ஒரு மருந்துப் பொதியிடும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பதினொரு மணிக்கு முடியும். பதினொன்றரைக்கு பஸ் தரிப்பில் நிற்பாள். தாயின் செய்தி அப்போதுதான் வரும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது.

மூன்று வருடத்துக்கு முன் பிள்ளைகளோடு வந்து நின்றுவிட்டுப் போகிற அன்று, அவள் அந்த அட்டையைத் தாயின் கையில் வைத்துச் சொன்னதை நானும் கதிரையில் இருந்து கேட்டேன். "அம்மா, நீங்கள் இதிலை என்ன வேண்டினாலும் எனக்கு அந்த நிமிசமே தெரியும்." மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சொல் தைத்தது. எங்கள் பகுதியில், கலியாணம் கட்டிக் கொடுத்த மகள் வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். நானும் அந்த ஆட்களில் ஒருவன். சீதனமாக நாலு பரப்புக் காணி எழுதிக் கொடுத்தேன். அதன் படத்தை நானே கீறினேன். அப்படிக் கொடுத்தவன் வீட்டுக் கற்பூரத்தின் விலை மாத முடிவில் மருமகனின் மேசையில் போய்க் கிடக்கப் போகிறது. 'மாமா வீட்டிலை சீனி முடிஞ்சு போச்சுது போலை' என்று அவர் சொல்வதாக நானே நினைத்து நானே வெட்கப்பட்டேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

தொலைபேசி இருக்கவில்லையா என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். இருந்தது. படம் பார்த்துக் கதைக்கிற தொலைபேசி என்னுடையது. மனைவியிடம் இருப்பது பொத்தான் அமத்துகிற சின்னது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு மகள் எடுப்பாள். அரை மணித்தியாலம். நான் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்து, அங்கே எத்தனை பாகை குளிர், பனி எத்தனை அங்குலம், பெற்றோல் என்ன விலை, பிள்ளைகள் கணிதத்தில் எத்தனை புள்ளி என்று கேட்பேன். கடைசியில், "இந்தா, கொம்மாவோடை கதை" என்று முகத்தைத் திருப்பிப் பிடிப்பேன். "சாப்பிட்டியோ பிள்ளை?" "ஓம் அம்மா. நீங்கள் சாப்பிட்டியளோ?" அதோடு நேரம் முடிந்துவிடும். மனைவியின் பங்கு எத்தனை நிமிடம் என்று அந்த நாளில் நான் எண்ணியதில்லை. இப்போது நினைவிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். மூன்று, கூடினால் நாலு.

ஒரு புதன்கிழமை மனைவிக்குக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. அன்று பத்தரை மணிக்கு மகள் எனக்கு அழைப்பு எடுத்தாள்.

"அப்பா, அம்மா எங்கை?"

"படுத்திருக்கிறா. சாதுவான காய்ச்சல். உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா எடுத்தன்."

"இப்ப அங்கை சாமம் எல்லோ? நித்திரையைக் கொள்ளு. ஞாயிற்றுக்கிழமை எடு."

இப்படித்தான் நான் அவளை அனுப்பிவிட்டேன். பிள்ளை மனம், தாயைக் கனவு கண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மூன்று வீதம் எனக்குத் தெரியவந்தது போன மாசி மாதம். மனைவியின் பைக்குள் கிடந்த கடைத்துண்டைக் கூட்டிப் பார்த்தேன். சாமான்களின் விலை ஐந்நூற்று இருபது. அடியில் ஐந்நூற்று முப்பத்தைந்து ரூபாய் அறுபது சதம் என்று இருந்தது. பதினைந்து அறுபது எங்கிருந்து வந்தது? சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

மேசையில் இருந்த பிள்ளை மட்டையைக் காட்டினாள். "காட் எண்டால் மூண்டு வீதம் கூட ஐயா. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"இது முறையில்லைப் பிள்ளை. காசும் காசுதான், காட்டும் காசுதான்."

"அப்ப காசாய்த் தாருங்கோவன் ஐயா" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ஒரு வீம்பு. இந்த மூன்று வீதத்தைத் தெரிந்துகொண்டே கொடுக்கிற மடையர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதற்காக அரிசி மூடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். இருபது பேரை எண்ணினேன். ஏழு பேர் அட்டை. வாசலில் வைத்து அவர்களிடம் கேட்டும் விட்டேன். வயது போனவன் கேட்டால் சனம் கோபிப்பதில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், "எனக்குச் சம்பளம் இருபத்தஞ்சாம் திகதி ஐயா. இந்தக் காசை அடுத்த மாசம் கட்டலாம். அதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் கை நீட்டத் தேவையில்லை. அதுக்கு மூண்டு வீதம் பெரிசே?" என்றாள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர் போலிருந்த ஒருவர், பையில் காசு இருந்தால் வழியில் கண்டதையும் வாங்கிவிடுவேன் என்றார். இன்னொருவர், "சில்லறை இல்லையெண்டு மிச்சக் காசுக்கு ரொபி தருவினம் ஐயா. எனக்குச் சீனி வருத்தம்" என்று பகிடி விட்டார். ஆளுக்கொரு காரணம். ஒருவரும் மடையராகத் தெரியவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு பேரின் காரணத்தையும் மனைவிக்கு ஒப்புவித்தேன். அவள் முருங்கைக்காய் சீவிக்கொண்டு கேட்டாள்.

"ஏழு பேரையும் கேட்டியளோ?"

"ஓம், ஒருத்தரையும் விடேல்லை."

"வீட்டிலை இருக்கிறவையைக் கேக்கேல்லைப் போலை."

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். அவள் கையில் கத்தியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அந்த நேரத்துக்குள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் கிழமை ஞாயிறன்று மகளின் வங்கியைப் பற்றிக் கதை கொடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டில் பாவித்தால் வங்கியும் இரண்டரை வீதம் எடுக்கும் என்றாள். மூன்றும் இரண்டரையும் ஐந்தரை. கணக்குக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அதே அழைப்பில் அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்த வருடம் ஆவணியில் வர முடியாது. நாலு பேருக்கும் விமானச் சீட்டு எட்டாத விலை. நான் தொலைபேசியை மனைவியின் பக்கம் திருப்பினேன். "சரி பிள்ளை, சமாளிச்சுக் கொள்ளு" என்றாள். எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் குடையை எடுக்கும்போது நான் அட்டையைக் கேட்டு வாங்கினேன். இனி என்னுடைய ஓய்வூதியத்தில் மாதம் ஒருமுறை மொத்தமாகச் சாமான் வாங்குகிறேன், சைக்கிளில் நானே கொண்டுவருகிறேன் என்றேன். அட்டையைக் காணி உறுதிக் கட்டோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"கிழமைக்கு ஒருக்காவெண்டாலும் விடுங்கோவன்" என்றாள்.

"ஒருக்கா எண்டாலும் ஐஞ்சரை வீதம்தான். அது குறையாது."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றியும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியும் இருந்தன. அவள் வளர்க்கும் கோழிகளின் முட்டையை அடுத்த வளவுக்கு விற்கிற காசு. என் கொப்பியின் மேல் வைத்தாள்.

"கடைக்காரன் எடுக்கிற பதினைஞ்சை நான் தாறன். ஒவ்வொரு முறையும் தாறன். உங்களுக்கு நட்டமில்லைத்தானே?"

"உமக்கு விசரே? பதினைஞ்சு ரூபா நட்டப்படுறதுக்குப் பதினைஞ்சு ரூபா குடுக்கிறதோ?"

அவள் குடையைக் கதவுக்குப் பின்னால் கொழுவினாள். அது கொழுவினபடியே கிடந்தது.

அந்த மனுசி வாழ்க்கையில் எதற்கும் விலை பேசினதில்லை. புடைவைக் கடையில்கூட சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள். அவள் முதல் தரம் ஒரு பொருளுக்குத் தன் காசில் விலை வைத்தாள். அந்தப் பொருள் என்னவென்று நான் கேட்கவில்லை. கடை வாசலில் முன்பின் தெரியாத ஏழு பேரை மறித்துக் கேட்டவன்.

அந்தத் திங்கட்கிழமையே மகளிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்றாள். "சுகத்துக்கு என்ன குறை? குசினியிலை நிக்கிறா" என்றேன். புதன்கிழமையும் எடுத்தாள். அதே கேள்வி, அதே பதில். கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் எடுக்கவில்லை.

பிறகு வந்த மாதங்களில் நான் மிகத் திருப்தியாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஐந்து கிலோ சீனி, மூன்று கிலோ பருப்பு, ஒரு பெட்டி சவர்க்காரம் என்று சைக்கிளில் கட்டி வந்தேன். எல்லாம் காசு. ஒரு சதம் கூடக் கொடுக்கவில்லை. மனைவி வெளியே போகிற வேலை இல்லாமல் வீட்டிலேயே இருந்தாள். முதலில் பின் வளவைக் கூட்டினாள். பிறகு அதையும் குறைத்துக்கொண்டாள். ஆனியில் முழங்கால் வீங்கியது. நடக்காமல் இருந்தால் இறுகத்தான் செய்யும் என்று வைத்தியர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளும் குறைந்துகொண்டு வந்தன. முப்பது நிமிடம் இருபதாகி, பதினைந்தாகியது. இரண்டு ஞாயிறு வரவேயில்லை. அங்கே எல்லாருக்கும் வேலை அதிகம் என்று நானே காரணம் சொன்னேன். மனைவி, "ஓம், அவளுக்கும் வேலைதானே" என்பாள்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு. மனைவி கிணற்றடியில் நின்றாள். மகளிடம் கதைக்க வேறு எதுவும் கிடைக்காமல், இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"பிள்ளை, உன்ரை காட்டிலை உனக்கு எவ்வளவு மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கிறன் தெரியுமோ? ஏழு மாசம். ஒருநாளும் பாவிக்க விடேல்லை. பூட்டி வைச்சிட்டன்."

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்துத் தொலைபேசியைத் தட்டினேன்.

"நீங்களோ பூட்டினது?" என்றாள்.

"வேறை ஆர்?"

"அம்மா பாவிக்காமல் விட்டதெண்டெல்லோ நான் நினைச்சன். ஆவணிக்கு வரமாட்டன் எண்டு சொன்னன். அடுத்த நாளிலையிருந்து ஒண்டும் வரேல்லை. அம்மாவுக்கு என்னிலை கோவம் எண்டு நினைச்சன் அப்பா. கேட்டால் அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. எந்த முகத்தோடை கேக்கிறது?"

பிறகு எல்லாம் சொன்னாள். பஸ் தரிப்பு, பதினொன்றரை மணி, பனிக்குள் கையுறையைக் கழற்றிப் பார்க்கிற அந்த ஒரு வரி. ரெண்டு டொலர் நாற்பது சதம், ரெண்டு டொலர் ஐம்பத்தைந்து. "தொகையைப் பாத்து அம்மா இண்டைக்கு விசுக்கோத்து வேண்டியிருக்கிறா எண்டு நினைப்பன். அது சரியோ பிழையோ தெரியாது. வேண்டினது அம்மா. அது காணும்." தான் திருமணமாகிப் போன நாளிலிருந்து அம்மாவோடு தனியாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான் என்றாள். அது என்மேல் ஒரு குறை என்று எனக்குத் தெரிந்தது. அவள் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை என்றும் தெரிந்தது.

"நாளைக்கே திருப்பிக் குடுக்கிறன்" என்றேன்.

"அந்தக் காட் இப்ப வேலை செய்யாது அப்பா. பாவிக்கிறதில்லைத்தானே, சும்மா ஏன் வருசக் காசு கட்டுவான் எண்டு போன மாசம் நிப்பாட்டிப் போட்டன்." பிறகு, "காசு மிச்சம் பிடிக்க உங்களிட்டைத்தானே பழகினனான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். தாய்க்குத் தன்னில் கோபம் என்று மகள் நினைத்திருக்கிறாள் என்று சொன்னபோது மட்டும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அவளிலை என்ன கோவம்? ஐயோ, ஏழு மாசமாய் அப்பிடியோ நினைச்சவள்?"

"நீர் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்னட்டை. இதுக்காகத்தான் போறனெண்டு."

"சொன்னால் அதுக்கும் ஒரு கணக்குப் போடுவியள்."

"அவளிட்டையாவது சொல்லியிருக்கலாம், நான் பூட்டி வைச்சிருக்கிறன் எண்டு."

"எப்ப? நீங்கள் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கையோ? மருமோனும் பக்கத்திலை இருப்பார். உங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"புதுக் காட் அனுப்பச் சொல்லியிருக்கிறன். இனி மூண்டு வீதமும் நான் குடுக்கிறன்" என்றேன்.

"முதல் என்ரை பதினைஞ்சு ரூபாயைத் தாங்கோ."

அந்தக் குற்றிகளை நான் எங்கே வைத்தேன் என்று இரண்டு நாள் மேசை லாச்சிகளைக் கிளறித் தேடினேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவனுக்கு அவை எங்கே போயின என்று தெரியவில்லை. முடிவெட்டப் போனபோது கொடுத்திருப்பேன். வேறு பதினைந்து ரூபாய் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சிரிக்கவில்லை.

புது அட்டை ஐப்பசியில் ஒரு உறவினர் கையில் வந்து சேர்ந்தது. வந்த மறுநாள் புதன். முழங்காலோடு அவளால் நடக்க முடியாது. ஓட்டோ பிடித்தேன். போக இருநூற்றைம்பது, வர இருநூற்றைம்பது. ஒன்பது மணிக்கு மேசைக்கு முன்னால் நின்றோம். ஐந்நூற்று முப்பது ரூபாய்க்குச் சாமான். கால் கிலோ சீனியும் அதற்குள். வீட்டில் நாலு கிலோ சீனி கிடந்தது. இந்தச் சீனியையும் நானே மேசையில் எடுத்து வைத்தேன்.

மேசையில் இருந்த பிள்ளைக்கு மனைவியை நினைவிருந்தது. "என்ன அன்ரி, கன காலம் காணேல்லை? வெளிநாடு போட்டியளோ?" பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா, காட் எண்டால் மூண்டு வீதம் கூட, சொல்லிப்போட்டன்" என்றாள்.

"எடு பிள்ளை, எடு" என்றேன்.

மனைவி அட்டையை இயந்திரத்தின் மேல் வைத்தாள். அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பின்னால் நின்றவர் கனைத்தார்.

"செய்தி போட்டுதே?" என்று கேட்டேன்.

"போட்டுது. அவள் இப்ப நித்திரை."

மகள் ஆடி மாதத்தோடு விடிய வேலைக்கு மாறிவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நாலரைக்கு எழும்ப வேண்டும், ஒன்பதுக்கே படுத்துவிடுவாள். பதினொன்றரைக்கு பஸ் தரிப்பில் நிற்பதற்கு இனி அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை, மாறிக்கொண்டாள். எங்கள் செய்தி காலையில் மற்றச் செய்திகளோடு சேர்ந்து கிடக்கும். நேரத்தை மாற்றிப் போகலாம் என்று ஓட்டோவுக்குள் சொன்னேன். மாலை நாலரைக்குப் போனால் அங்கே காலை ஏழு. "ஏழு மணிக்கு அவள் வேலையிலை நிப்பாள். போன் லொக்கரிலை" என்றாள். இந்தக் கணக்கை அவள் எனக்கு முன்பே போட்டு முடித்திருக்கிறாள்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு அழைப்பு வந்தபோது நான் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தவில்லை. மனைவியின் கையில் கொடுத்தேன். "நீர் கதையும். நான் வெளியிலை நிக்கிறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு படலையடிக்குப் போனேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். முப்பது நிமிடமும் அவர்களுக்கே என்று நினைத்திருந்தேன். நாற்பதானாலும் நிற்கலாம். ஒழுங்கையில் இரண்டு சைக்கிள் போயின. எதிர் மதிலில் உடைந்த கல்லை எண்ணத் தொடங்கினேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. ஆறு நிமிடம்.

"என்ன, லைன் அறுந்துபோட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

"இல்லை. கதைச்சு முடிஞ்சுது."

"அவ்வளவுதானோ?"

"சாப்பிட்டியோ எண்டு கேட்டன். சாப்பிட்டியளோ எண்டு கேட்டாள். முழங்காலைக் கேட்டாள். கோவமில்லை எண்டு சொன்னன். அழுதாள். பிறகு ரெண்டு பேருக்கும் என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை." தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "உங்களைக் கேக்கிறாள். அங்கை குளிர் தொடங்கியிட்டுதாம். எத்தினை பாகை எண்டு கேளுங்கோ."

நான் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். எத்தனை பாகை என்று கேட்டேன். அவள் சொன்னாள். அந்த எண் எனக்கு இப்போது நினைவில் இல்லை.